கோடா, பூச்சியமா? புள்ளியியல் ஆய்வுக்குப் புதிதாகச் சேர்ந்தவர் தன்னை அறிமுகம் செய்துகொள்வது எப்படி

முனைவர் பட்டப் படிப்பின் முதல் வகுப்பு. ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். பேராசிரியர் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, "ஒவ்வொருவராக எழுந்து, எங்கே படித்தீர்கள், எதில் ஆர்வம் என்று சொல்லுங்கள்" என்றார். முதலில் எழுந்தவர் பேயீஸ் முறை, காலத்தொடர், எந்திரக் கற்றல், வாழ்நாள் பகுப்பாய்வு என்று நான்கைச் சொன்னார். இரண்டாமவர் அதே நான்கோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டார். என் முறை ஏழாவதாக வந்தது. அதற்குள் பட்டியல் மனப்பாடமாகியிருந்ததால் தடுமாறாமல் ஒப்பித்தேன். பேராசிரியர் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "நல்லது. இவற்றில் ஏதாவது ஒன்றில், உங்களைத் தூங்கவிடாமல் செய்த கணக்கு ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார்.

நான் நன்றாகத் தூங்குகிறவள். பதில் வரவில்லை.

அன்று வாயடைத்து நின்றதால்தான் இதை எழுதுகிறேன். சேர்ந்த முதல் ஆண்டில் இந்த அறிமுகத்தை நீங்கள் எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நெறியாளரிடம், துறைத் தலைவரிடம், கருத்தரங்குக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியரிடம், ஆய்வக மூத்தவர்களிடம், ஊரில் சித்தப்பாவிடம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நின்று, செய்த வேலையைச் சொல்ல வேண்டும். அங்கேயும் முதல் இரண்டு நிமிடம் இதுதான். உங்களுக்கு எந்தக் கட்டுரையைப் படிக்கக் கொடுப்பார்கள், எந்தப் பாடத்தை எடுக்கச் சொல்வார்கள், யாரிடம் அனுப்புவார்கள் என்பதெல்லாம் நீங்கள் சொல்லும் அந்தச் சில வாக்கியங்களைப் பொறுத்தே அமைகிறது. ஆகவே ஒரு மாலைப்பொழுதை இதற்காக ஒதுக்குங்கள்.

முதலில் ஒரு குறிப்பேடு

ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தியில், பாடமாகப் படித்துத் தேர்வு எழுதியவை. இரண்டாவதில், கையால் செய்தவை. மூன்றாவதில், பெயர் மட்டும் தெரிந்தவை. மூன்றாம் பத்திதான் நீளமாக இருக்கும். யாருக்கும் காட்டப் போவதில்லை, தயங்காமல் எழுதுங்கள்.

"படித்தேன்" என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். என் முதல் பத்தியில் மைய எல்லைத் தேற்றம் இருந்தது. பக்கத்திலேயே பென்சிலால் எழுதினேன்: "சொல்லத் தெரியும். சிறப்பியல்புச் சார்பு வைத்து நிறுவியதை ஒருமுறை எழுதியிருக்கிறேன். லிண்டபெர்க் நிபந்தனை எதற்கு என்று கேட்டால் விழிப்பேன்." அளவைக் கோட்பாட்டுக்கு நேரே: "ஒரு பருவம். 61 மதிப்பெண். சிக்மா இயற்கணிதத்துக்கு வரையறை சொல்வேன், அதற்கு மேல் போகாது." இந்த மாதிரிக் குறிப்புகள் பின்னால் பெரிதும் உதவும். எதைச் சொன்னால் மறுகேள்வி வரும், வந்தால் எந்த இடம் வரை தாக்குப்பிடிப்பீர்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாம் பத்தியில் மென்பொருள்களையும் சேருங்கள், ஆனால் பெயரை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். "ஆர் மென்பொருள் தெரியும்" என்பவர்களில் பாதிப் பேர் ஒரு கோப்பைத் திறந்து தொடர்புப்போக்குச் சமன்பாட்டைப் பொருத்திப் பார்த்தவர்கள். இன்னும் சிலர் சொந்தமாகச் சார்பு எழுதி ஆயிரம் முறை உருவகப்படுத்திப் பார்த்தவர்கள். நீங்கள் எந்த வகை என்பதை அந்தப் பத்தி சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம். ஆய்வு உதவித்தொகைக்காக எழுதும் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் புள்ளியியலுக்குத் தனித் தாள் கிடையாது. கணித அறிவியல் தாளுக்குள் நான்காம் அலகாக அது உட்கார்ந்திருக்கிறது. அதனால் அந்த வழியில் வந்தவர்களில் குலங்களும் இடவியலும் படித்துவிட்டு, ஒரு தரவுத்தாளையும் திறந்து பார்க்காதவர்கள் உண்டு. தரவிலேயே புரண்டு, ஒரு தேற்றத்தையும் முழுதாக நிறுவாதவர்களும் உண்டு. உங்கள் குறிப்பேட்டில் ஒரு பத்தி காலியாக இருந்தால் அது உங்களுக்கு மட்டும் நேர்ந்த குறை அல்ல. பக்கத்து நாற்காலிக்காரருக்கு வேறொரு பத்தி காலியாக இருக்கும்.

தொண்டையில் சிக்கிய முள்

குறிப்பேட்டில் இரண்டாம் பத்தியை மறுபடி படியுங்கள். அதில் ஏதோ ஓர் இடத்தில், "இது ஏன் இப்படி?" என்று தோன்றி, நேரமில்லாமல் கடந்து வந்திருப்பீர்கள். பேராசிரியர் கேட்டது அதைத்தான். என்னுடையதைச் சொல்கிறேன், உங்களுடையதைத் தேட ஒரு மாதிரியாக இருக்கும்.

முதுகலை புராஜெக்டுக்காக ஒரு தாலுகா மருத்துவமனையின் ஆய்வகத்திலிருந்து டெங்கு பரிசோதனைப் பதிவேட்டைப் படியெடுக்க அனுமதி வாங்கினேன். நீளமான, ஓரம் கிழிந்த நோட்டு. ஒரு நாளுக்கு ஒரு வரி. கடைசிக் கட்டத்தில் அன்று எத்தனை பேருக்கு உறுதியானது என்ற எண். சில கட்டங்களில் 2, சிலவற்றில் 5. சிலவற்றில் தெளிவாக ஒரு வட்டம், அதாவது 0. சிலவற்றில் சின்னதாக ஒரு கோடு. சில கட்டங்கள் வெறுமையாகவே இருந்தன. நான் எக்செல்லில் ஏற்றும்போது வட்டம், கோடு, வெறுமை மூன்றையும் 0 என்றே போட்டேன். யோசிக்கவே இல்லை. மின்விசிறிக் காற்றில் பக்கம் புரண்டுகொண்டிருந்தது, ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம்.

வாரவாரியாகக் கூட்டியபோது, எண்ணிக்கைகளுக்கு வழக்கமாகப் பொருத்தும் பாய்ஸான் பரவல் பொருந்தவில்லை. பாய்ஸானில் சராசரியும், எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் பரவற்படியும் சமம். என் தரவில் பரவற்படி பல மடங்கு பெரிதாக இருந்தது, பூச்சியங்கள் வேறு கூட்டம் கூட்டமாக நின்றன. நூலகத்தில் தேடியதில், பூச்சியம் மிகுந்த பாய்ஸான் மாதிரி கிடைத்தது. தொழிற்சாலைப் பொருள்களில் குறைபாடுகளை எண்ணும் சிக்கலுக்காக டயான் லாம்பர்ட் 1992-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலான முறை அது. கருத்து எளிது. ஒரு நாணயத்தைச் சுண்டுகிறோம். தலை விழுந்தால் கட்டாயப் பூச்சியம். பூ விழுந்தால் வழக்கமான பாய்ஸான் எண்ணிக்கை. அதுவும் சில சமயம் பூச்சியமாக அமையலாம். ஆகப் பூச்சியத்துக்கு இரண்டு வாசல். பொருத்திப் பார்த்தேன், அழகாகப் பொருந்தியது. புறத்தேர்வாளர் பாராட்டினார். கண்ணாடி போட்ட சான்றிதழை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

முதல் வகுப்பில் அவமானப்பட்ட அன்று இரவு குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் அந்தக் கோடு நினைவுக்கு வந்தது. கோடும் 0-வும் ஒன்றுதான் என்றால் எழுதியவர் ஏன் இரண்டு விதமாக எழுத வேண்டும்? என் மாதிரி அவ்வளவு நன்றாகப் பொருந்தியதற்குக் காரணம், அந்தக் கட்டாயப் பூச்சியங்களை நானே உட்கார்ந்து தட்டச்சு செய்ததுதானா? அன்று நிஜமாகவே தூக்கம் வரவில்லை.

உங்கள் முள் இதைவிடச் சின்னதாக இருக்கலாம். வகுப்பில் சொன்ன எடுகோள் ஒன்றை நீங்கள் நம்பாமல் இருந்திருக்கலாம். வேலை பார்த்த நிறுவனத்தில், இடையில் வராமல் நின்றுபோன நோயாளிகளின் வரிகளை நீக்கச் சொன்னார்களே, நீக்கலாமா என்ற உறுத்தலாக இருக்கலாம். தேற்றத்தில் "மாதிரி அளவு பெரிதாகும்போது" என்று வருகிறதே, எவ்வளவு பெரிதானால் பெரிது என்ற எரிச்சலும் நல்ல முள்தான். புதிய கண்டுபிடிப்பாக இருக்க வேண்டிய தேவையில்லை. உங்களுடையதாக இருந்தால் சரி.

நான்கு வாக்கியம்

முள் கிடைத்ததும் எழுதத் தொடங்குங்கள். எங்கிருந்து வருகிறேன், என்ன செய்தேன், எங்கே இடறினேன், எதைக் கற்க வந்திருக்கிறேன். நான்கு வாக்கியம், அதிகம் போனால் ஆறு. என் இரண்டாவது முயற்சி இப்படி அமைந்தது:

"திருவாரூர் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் இளங்கலை, முதுகலை இரண்டும் புள்ளியியல். முதுகலை புராஜெக்டுக்கு ஒரு மருத்துவமனையின் டெங்கு பதிவேட்டை எடுத்துக்கொண்டேன். பூச்சியங்கள் மிகுந்திருந்ததால் அதற்கான பாய்ஸான் மாதிரியைப் பொருத்தினேன். ஆனால் அந்தப் பூச்சியங்களில் எத்தனை உண்மையானவை, எத்தனை பதியாமல் விடுபட்டவை என்று எனக்கே தெரியவில்லை. விடுபட்ட தரவுகளை எப்படிக் கையாள்வது என்று முறையாகப் படிக்க வந்திருக்கிறேன். அளவைக் கோட்பாட்டில் நான் பலவீனம், இந்தப் பருவத்தில் அதை மறுபடி படிக்கிறேன்."

சாதாரண வேகத்தில் அரை நிமிடம். இதைக் கேட்கிறவருக்குப் பிடித்துக்கொள்ளப் பல கிளைகள் இருக்கின்றன. ஒருவர் பதிவேட்டைப் பற்றிக் கேட்பார். இன்னொருவர், "1976-இல் ரூபின் எழுதியதிலிருந்து தொடங்குங்கள்" என்பார். எனக்கு அப்படித்தான் ஒரு கட்டுரை கிடைத்தது. தரவு விடுபடுவதில் வகைகள் உண்டு, வகை தெரியாமல் கை வைக்கக் கூடாது என்ற பாடமே அங்கிருந்துதான் கிளம்புகிறது. "எந்திரக் கற்றலில் ஆர்வம்" என்று சொன்னபோது யாரும் எனக்கு எந்தக் கட்டுரையையும் கொடுக்கவில்லை. கொடுக்க நினைத்தாலும் எதைக் கொடுப்பார்கள்?

கடைசி வாக்கியத்தைப் பார்த்து, பலவீனத்தை நாமாக எடுத்துச் சொல்லலாமா என்று தோழி ஒருத்தி பதறினாள். சொல்லலாம், ஒன்றை மட்டும். அதற்கு என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டாவது பலவீனத்தையும் சொன்னால் புலம்பலாகிவிடும்.

பெரும்பாலான இடங்களில் இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கும். இருந்தாலும் முதல் வரைவைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் தொடங்கினால் எல்லோரும் சொல்லும் வாக்கியங்கள்தாம் வரிசையாக வந்து உட்காரும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த எனக்குத் திட்ட விலக்கமும் நிகழ்தகவும் தமிழில்தான் முதலில் புரிந்தன. கல்லூரியில் ஆங்கிலப் பெயரோடு வந்தபோது பழைய நண்பரை வேட்டி இல்லாமல் பேன்ட்டில் பார்த்தது போல இருந்தது. அந்தச் சொற்கள் கைவசம் இருக்கும்வரை, புரியாததைப் புரிந்தது போல எழுத மனம் வராது.

இதையே இரண்டு நிமிட வடிவமாகவும் அரைப் பக்க வடிவமாகவும் நீட்டி வைத்துக்கொள்ளுங்கள். நீட்டும்போது பட்டங்களை நீட்டாதீர்கள், எங்கே இடறினீர்கள் என்ற மூன்றாம் வாக்கியத்தை நீட்டுங்கள்.

"எதில் ஆர்வம்?" என்ற கேள்வியை எப்படிப் பிரிப்பது

புள்ளியியலில் ஆர்வம் என்று சொல்லும்போது நான்கு வெவ்வேறு வேலைகளைச் சொல்கிறோம். தேற்றம் நிறுவுவது ஒன்று. புதிய முறை ஒன்றை அமைத்து, அது எப்போது உடையும் என்று சோதிப்பது இன்னொன்று. வேளாண்மை, மருத்துவம், மழை என்று ஒரு துறையோடு உட்கார்ந்து அதன் கேள்விக்கு விடை தேடுவது மூன்றாவது. பெரிய கணக்கை எந்திரத்தில் ஓட்டும் வழிமுறையை அமைப்பது நான்காவது. பேயீஸ் முறை என்ற ஒரே பெயருக்குள் நான்கும் உண்டு. "பேயீஸ் முறை" என்று மட்டும் சொன்னால், மதுரைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எந்த வேலையாகப் போகிறோம் என்று சொல்லாமல் விடுவது போல.

எனவே முறையின் பெயரைச் சொல்வதற்கு முன், இந்த நான்கில் எது உங்கள் கைக்கு இணக்கம் என்று சொல்லிவிடுங்கள். தெரியாவிட்டால், கடைசியாக எந்த வேலையில் நேரம் போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தீர்கள் என்று யோசியுங்கள்.

சொன்னதை மாற்றக் கூடாதோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. எஸ்.ஆர்.எஸ். வரதன் 1959-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ் முடித்து, கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் போனபோது, தொழிற்சாலை சார்ந்த புள்ளியியல் படிக்கும் எண்ணத்தோடுதான் போனார். அங்கே கே.ஆர். பார்த்தசாரதி முதலிய இளைஞர்களோடு பழகிய பிறகு நிகழ்தகவுப் பக்கம் திரும்பினார். சி.ஆர். ராவை நெறியாளராகக் கொண்டு 1963-இல் முனைவர் பட்டம் பெற்றார். 2007-இல் கணிதத்துக்கான ஏபல் பரிசு வாங்கினார். முதல் மாதம் அவர் தன் ஆர்வத்தைப் பற்றிச் சொன்னதை யாராவது பிடித்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! ஆகவே ஆய்வேட்டுத் தலைப்பை முதல் நாளே அறிவிக்காதீர்கள். "இப்போதைக்கு இந்தக் கேள்வி" என்று சொல்லுங்கள். "இப்போதைக்கு" என்ற சொல்லுக்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சொல்லக் கூச்சப்படும் விஷயங்கள்

வேறு துறையிலிருந்து வந்திருக்கிறீர்களா? நேராகச் சொல்லுங்கள். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931-இல் தொடங்கிய மகலனோபிஸ் கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்தவர். ஊர் திரும்பும் சமயத்தில் நூலகத்தில் பயோமெட்ரிகா என்ற புள்ளியியல் ஆய்விதழின் தொகுதிகளைப் பார்த்து, வாங்கிக்கொண்டு, கப்பலிலேயே படித்து வந்தார். சி.ஆர். ராவ் கணிதம் முடித்துவிட்டு ராணுவ நில அளவைப் பிரிவில் ஒரு வேலைக்கான நேர்முகத்துக்காகக் கொல்கத்தா போனவர். அந்த வேலை கிடைக்கவில்லை. அங்கே, புள்ளியியல் பயிற்சிக்கு வந்திருந்த ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்ததில் இப்படி ஒரு படிப்பு இருப்பது தெரிந்து 1941-இல் சேர்ந்தார். கிராமர்-ராவ் எல்லை, ராவ்-பிளாக்வெல் தேற்றம் என்று இன்று நாம் பாடத்தில் படிப்பவை அவருடைய 1945-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் இருக்கின்றன. இயற்பியலோ பொறியியலோ படித்தவர், அங்கே தரவு எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்த்தவர். எங்களில் பலருக்கு அது தெரியாது.

படிப்பில் இடைவெளி இருந்தால் ஒரு வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடுங்கள்: "முதுகலைக்குப் பிறகு மூன்று ஆண்டு வீட்டுச் சூழல், பிறகு இரண்டு ஆண்டு மருந்துப் பரிசோதனைத் தரவுகளில் வேலை." காரணத்தை விரிக்க விரிக்க, கேட்பவருக்குத்தான் சங்கடம். நிலுவைத் தாள்களைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. நீங்களாக எடுத்துவைக்க வேண்டாம்.

இதற்கு நேர்மாறான கூச்சமும் கொஞ்சம் வேண்டும். இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தவர்கள் அதையே முதல் வாக்கியமாக வைக்கிறார்கள். 2023-இலிருந்து மாதம் 37,000 ரூபாய், சந்தோஷமான விஷயம்தான். ஆனால் அதே வரிசையில் உதவித்தொகை ஏதும் இல்லாமல், காலையில் கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் நடத்திவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவரும் இருப்பார். அடுத்த மூன்று முதல் ஆறு ஆண்டு அவரோடுதான் டீ குடிக்கப் போகிறீர்கள்.

யாரிடம் எதை

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருந்தால், அவரைப் பார்க்கப் போகும் முன் அவருடைய கட்டுரை ஒன்றை, ஒன்றே ஒன்றை, முழுதாகப் படியுங்கள். நிறுவல் புரியாவிட்டாலும் உருவகப்படுத்துதல் பகுதியின் அட்டவணைகள் புரியும். அங்கே ஒரு கேள்வி கிடைக்கும். "அட்டவணையில் மாதிரி அளவு 50-லிருந்து தொடங்குகிறதே சார், அதற்குக் கீழே முறை சரியாக வேலை செய்யவில்லையா?" இந்த ஒரு கேள்வி போதும். "உங்கள் ஆய்வுகள் எனக்கு மிகவும் பிடிக்கும் சார்" என்று போகிறவரிடம் எந்த ஆய்வு என்று கேட்டுவிட்டால் கதை முடிந்தது.

மின்னஞ்சலில் எழுதுவதானால் அரைப் பக்க வடிவத்தில் பாதியை எழுதுங்கள். பொருள் வரியில் உங்கள் கேள்வி இருக்கட்டும். தன்விவரக் குறிப்பை இணைத்துவிட்டால் அதையே உள்ளே மறுபடி எழுத வேண்டியதில்லை.

ஆலோசனைக் குழுவுக்கு ஐந்து நிமிடம் தருவார்கள், மூன்று படவில்லை போதும். முதலாவதில் கேள்வி, ஒரே வாக்கியத்தில். இரண்டாவதில் தரவின் படம்: மாதிரி பொருத்தாத, பச்சையான வரைபடம். இதைப் பலர் போடுவதில்லை. நேராகச் சமன்பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். குழுவில் பிற துறையைச் சேர்ந்த ஒருவராவது இருப்பார், அவர் கேள்வி கேட்பது அந்தப் படத்தைப் பார்த்துத்தான். மூன்றாவதில் படித்தவை, அடுத்த பருவத்தில் செய்யப்போகிறவை. ரோஜாப்பூவுக்கு நடுவே "நன்றி" என்று நான்காவதாக ஒன்றைப் போடும் வழக்கத்தை யார் தொடங்கினார்களோ தெரியவில்லை, நீங்களாவது முடித்து வையுங்கள்.

ஆய்வக அண்ணன்மாரிடமும் அக்காமாரிடமும் ஆர்வத்தைப் பற்றிப் பேசுவதைவிட, இரண்டாம் பத்தியில் உள்ளதைச் சொல்லுங்கள். "ஆரில் வரைபடம் போடுவேன் அக்கா, லேடெக்கில் தட்டச்சு செய்யத் தெரியாது" என்றால் அன்று மாலையே ஒருவர் தன் ஆய்வேட்டு வார்ப்புருவைக் கொடுத்துவிடுவார். எந்தக் கணிப்பொறி இரவில் நின்றுபோகும், எந்தப் பாடத்துக்கு யாருடைய கைப்பிரதி நல்லது என்பதெல்லாம் அவர்கள் வழியாக மட்டுமே தெரியவரும். அலுவலகத்தில் பதிவு எண்ணையும் சேர்ந்த தேதியையும் சொன்னால் போதும், பேயீஸ் வேண்டாம்.

மறுகேள்விகள் மூன்று உறுதியாக வரும். தரவு எங்கிருந்து வந்தது? உங்கள் மாதிரி எதை எடுகோளாகக் கொள்கிறது? இதைவிட எளிய முறை ஏன் போதாது? மூன்றாவதுக்குப் பதில் இல்லையென்றால், எளிய முறையை ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த முறை வாருங்கள். முதல் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

சித்தப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்

கடைசிப் படி இது. அறிமுகத்தை, துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்குப் புரியவில்லை என்றால் உங்களுக்கு எந்த இடத்தில் புரியவில்லை என்று தெரிந்துவிடும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பா கேட்டார். "புள்ளியியல் என்றால் வீடு வீடாக வந்து கணக்கெடுப்பார்களே, அதுதானே?"

"அதுவும் உண்டு சித்தப்பா. நான் செய்வது வேறு. ஆஸ்பத்திரி நோட்டில் தினமும் எத்தனை பேருக்கு டெங்கு என்று எழுதுகிறார்கள். சில நாள் எண் இருக்கிறது, சில நாள் வெறும் கோடு இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். அதைக் கணக்கு வழியாகவே ஊகிக்க முடியுமா என்று பார்க்கிறேன்."

சித்தப்பா முறுக்கைக் கடித்துக்கொண்டே யோசித்தார். "கோடு போட்டவரையே கேட்டால் போயிற்று. அதற்கு எதற்கு மூன்று வருஷம்?"

சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன். ஆனால் அடுத்த திங்கட்கிழமை பஸ் பிடித்து அந்த மருத்துவமனைக்குப் போனேன். ஆய்வகத்தில் அதே அம்மாதான் இருந்தார், அதே நோட்டுக்கு அடுத்த நோட்டு. கோட்டைக் காட்டிக் கேட்டேன்.

"யாருக்கும் இல்லையென்றால் சைபர் போட்டிருப்பேனே. கோடு போட்டிருந்தால் அன்றைக்குக் கிட் இல்லை, டெஸ்ட் எடுக்கவில்லை என்று அர்த்தம். காலியாக இருந்தால் நான் லீவு" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏம்மா, போன தடவை நாலு நாள் இங்கேயே உட்கார்ந்து எழுதினாயே, அப்போதே கேட்டிருக்கலாமே?" என்றார்.

ஆலோசனைக் குழுவில், எங்கே இடறினேன் என்ற என் மூன்றாம் வாக்கியத்தை மாற்றிச் சொன்னேன்: "என் பதிவேட்டில் மூன்று குறிகள் இருக்கின்றன, மூன்றையும் ஒன்றாக எண்ணிவிட்டேன்." குழுவில் பொதுச் சுகாதாரத் துறையிலிருந்து வந்திருந்தவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, "கிட் எந்த மாதங்களில் தீர்ந்துபோகிறது என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

விடுதிக்குத் திரும்பியதும் படியெடுத்த பக்கங்களைத் தரையில் பரப்பிவைத்து, கோடுகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டேன். ஜனவரியிலிருந்து ஜூலை வரை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. அக்டோபர், நவம்பர் பக்கங்கள் சிவந்துபோயின. காய்ச்சல்காரர்கள் வரிசை வாசலைத் தாண்டும் மாதங்களில்தான் கிட் தீர்ந்துபோயிருக்கிறது. அந்த வாரங்களுக்கு நான் 0 என்று போட்டிருந்தேன்.